முன்னறைக்கு இரண்டு சாவி

கலீலுர் றஹ்மான் தாடிக்குக் கறுப்பு அடித்த செய்தி, அவர் கடையைத் திறக்க முன்னமே திருகோணமலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் வலை, கயிறு, நங்கூரம், வள்ள எஞ்சினுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் விற்கிற கடை அவருடையது. வயது ஐம்பதுக்குக் கிட்ட. அவரைப் பற்றிக் கதைக்க அதுவரை யாருக்கும் ஒன்றுமே கிடைத்ததில்லை. ஊரில் அதற்குப் பெயர் நல்ல மனுசன்.

அன்றைக்கு நல்ல மனுசனின் முகத்தில் பாதி, தார் போட்ட புது ரோட்டைப் போல மினுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரன் கோப்பையை வைத்துவிட்டு இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தான். கலீலுர் றஹ்மான் ஒன்றும் நடக்காதவர்போல பேப்பரை விரித்தார்.

தாடி தொடக்கம்தான். அடுத்ததாகப் பச்சை நிறத்தில், ஓடுவதற்கென்றே ஒரு சோடிச் சப்பாத்து வந்தது. விடியப்புறம் கடற்கரையில் அவர் ஓடப் பழகினார். ஓடினார் என்றா சொல்வது? ஆள் தெரிந்தால் ஓடுவார், ஆள் மறைந்தால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவதாக உடம்போடு ஒட்டிய ஒரு டீ சேர்ட். அதைப் போட்ட நேரமெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருக்க வேண்டியிருந்ததால், கடைக்கு வந்தவர்களிடம் அவரால் நீளமாகக் கதைக்க முடியவில்லை. வியாபாரம் கொஞ்சம் படுத்தது.

இந்த நாட்களில்தான் போனில் ஒரு வீடியோ அவர் கண்ணில் பட்டது. கண்ணாடி போட்ட மனநல மருத்துவர் ஒருவர், தன் பின்னால் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஐம்பதை நெருங்குகிற ஆண்களுக்கு நடுவயது நெருக்கடி என்று ஒன்று வருமென்றும், அவர்கள் இளமையைத் திருப்பிப் பிடிக்கப் பார்ப்பார்களென்றும், நிறைவேறாத கனவுகளுக்குப் பின்னால் ஓடுவார்களென்றும் விளக்கினார். கலீலுர் றஹ்மானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சீனி வருத்தமும் பிரஷரும் கடைத்தெருவில் எல்லாரிடமும் இருந்தது. இது அவரிடம் மட்டும்தான் இருந்தது.

முதலில் கோணாமலையிடம்தான் சொன்னார். கோணாமலை சல்லிக் கிராமத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறவர், இவர் வயதுக்காரர், கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை.

"மனசுக்குள்ள ஒரு நெருக்கடி, கோணாமலை. நடுவயசில வாறதாம். டொக்டரே சொல்றார்."

கோணாமலை ஒரு எஞ்சின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒருக்கா வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றார். "இப்ப ஏலாது, றஹ்மான். சீசன் தொடங்கிட்டுது. இதில ரெண்டு தாங்க."

ஊரும் சும்மா இருக்கவில்லை. இறால் கூடச் சாப்பிட்டால் இப்படித்தான் என்றது தேத்தண்ணிக் கடை. போன் பார்க்கிறதுதான் காரணம் என்றார், எந்நேரமும் போன் பார்க்கிற முடிவெட்டுக்காரர். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் காதுக்குள் சொன்னார், செய்தவர் யார் என்பதையும் சேர்த்து. கடைசியில் கலீலுர் றஹ்மான் காசு கட்டி ஒரு டொக்டரிடமே போனார். மகள் வயதுப் பெண்பிள்ளை. இரத்தம் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்தாள், பிறகு அன்பாகச் சொன்னாள்: "உங்கட வயசில இதெல்லாம் வழமைதான், அங்கிள்."

வழமை என்றதை அவர் பொறுத்துக்கொண்டார். அங்கிள் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் தாடிக்கு இன்னொரு பூச்சுக் கொடுத்தார்.

இனி நிறைவேறாத கனவு ஒன்று வேண்டும். வீடியோவில் அப்படித்தான் சொல்லியிருந்தது. கலீலுர் றஹ்மான் கடையில் உட்கார்ந்து கண்ணை மூடி, தன் இளமைக் காலத்தைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். கடை வைக்க ஆசைப்பட்டார், வைத்தார். கலியாணம் முடிக்க ஆசைப்பட்டார், முடித்தார். கண்ணில் வெள்ளை விழுந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது, அதுவும் விழவில்லை. நிறைவேறாத கனவு ஒன்றுகூட இல்லாத மனுசனாக இவ்வளவு காலம் வாழ்ந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கடைசியில், இருபது வயதில் உள்துறைமுகப் பக்கம் ஒருவன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் போனதையும், தான் திரும்பிப் பார்த்ததையும் ஞாபகப்படுத்தி எடுத்தார். அது போதும் என்று தீர்மானித்தார். அடுத்த கிழமையே யாரோ வைத்திருந்து விற்ற ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள், குனிந்து படுத்து ஓட்டுகிற சாதி, வீட்டுக் கேற்றுக்குள் வந்து நின்றது.

ஊரெல்லாம் காரணம் சொன்ன நேரத்தில் மனைவி ஸல்ஹா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை ஒருதரம் சுற்றி வந்தாள். "நல்லம்," என்றாள். "கேற்றுக்கு நடுவில விடாதீங்க, சீமெந்து லொறி வரப்போகுது." அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மகள் ரிஸ்லாவுக்கும் ஸஜ்ஜாத் என்கிற பொடியனுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தது.

காரணம் அங்கேதான் கிடந்தது. ஆனால் கலியாணம் சந்தோசமான விசயமல்லவா, அதில்போய் யார் வருத்தத்தைத் தேடுவார்கள்?

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வருகிறவருக்கு முன்னறை. அதுவரை முன்னறையில் இருந்த தாயும் தகப்பனும் பின்வளவில் குசினியோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். ஆண்பிள்ளை ஒருவன் மாலையும் கழுத்துமாக முன்கேற்றால் வருவான், காற்று வருகிற அறையில் இருபது இருபத்தைந்து வருசம் படுப்பான், பிறகு மெதுமெதுவாகப் பின்வேலிப் பக்கம் நகருவான். யாரும் யாரையும் துரத்துவதில்லை. எல்லாம் மரியாதையாகவே நடக்கும்.

கலீலுர் றஹ்மான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது மாமனார் ஹஸன் அப்படித்தான் பின்னுக்குப் போனார். ஹஸன் துணி வியாபாரி. வள்ளத்தில் கால் வைத்தாலே ஓங்காளிக்கிறவர். பின்னுக்குப் போன மாதமே அவர் ஒரு வள்ளம் வாங்கினார். சண்டைக் காலம், கடற்படையின் பாஸ் இல்லாமல் மீன்காரரே கடலில் இறங்க ஏலாது. வள்ளம் வந்து பின்வளவில் வேம்புக்குக் கீழே குந்தியது. இன்றுவரை அது தண்ணீரைப் பார்க்கவில்லை. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. புதுமாப்பிள்ளை கலீலுர் றஹ்மான் இந்தக் கதையைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "எங்கட மாமனார் கப்டன்" என்று தொடங்குவார், கூட்டம் சேர்ந்துவிடும். வருசக்கணக்காகச் சொன்னார். மாமி மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் ஹஸன் அந்த வேம்புக்குக் கீழேதான், வெயில் திரும்பத் திரும்பக் கதிரையையும் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

இப்போது முறை யாருக்கு வந்திருக்கிறது என்பதை ஸல்ஹா கறி கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"ரிஸ்லாட வாப்பா, சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளையள் அறை பார்க்க வருவாங்க. திரைக்கு அளவெடுக்கோணும். நம்மட கட்டிலையும் உங்கட அலுமாரியையும் பின்னுக்கு எடுத்திடுவம்."

"மாப்பிள்ளைக்கு மாடியக் குடுக்கலாமே."

"மாடி வெக்கை. மாப்பிள்ளைய வெக்கைக்குள்ள போட்டா சனம் என்ன கதைக்கும்?"

"அப்ப நம்மள எங்க போடுறது?"

"நாம பின்னுக்குப் போறதுதானே." உப்புப் போதுமா என்று பார்க்கிற குரலில்தான் சொன்னாள்.

"அந்த மாடி நான் கட்டினது, ஸல்ஹா. டைல்ஸ் நான் போட்டது. கரண்ட் வயர்கூட நான் பக்கத்தில நிண்டு இழுப்பிச்சது."

"ஓம். ஆரு இல்லையெண்டது?" என்றாள் அவள். உண்மையிலேயே யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. யாராவது இல்லையென்று சொன்னால் சண்டை பிடிக்கலாம்.

அன்றிரவு கட்டிலில் கிடந்தபடி யன்னலைப் பார்த்தார். பகலில் அதைத் திறந்தால் துறைமுகம் தெரியும், கப்பல் தெரியும். வீட்டு உறுதிப் பத்திரம் ஸல்ஹாவின் பெயரில். இனி ரிஸ்லாவின் பெயருக்குப் போகும். இந்த வீட்டில் அவர் பெயரில் இருந்தது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது. இதற்கு அந்த டொக்டர்ப்பிள்ளை குழாய் வைத்துப் பார்த்திருந்தால் என்ன கேட்டிருக்குமோ தெரியாது.

சனிக்கிழமை காலை இரண்டு கூலிக்காரர் வந்து கட்டிலின் தலைமாட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். ஸ்பானர் போட்ட சத்தம் கேட்டதுதான், கலீலுர் றஹ்மானுக்கு என்ன வந்ததென்று அவருக்கே விளங்கவில்லை. "விடுங்க, விடுங்க. பின்னேரம் நான் பார்த்துக்கொள்றன்," என்று அவர்களை வெளியே அனுப்பினார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பச்சைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஸல்ஹா குசினியிலிருந்து வந்து பார்த்தபோது கேற்றடியில் புகைதான் நின்றது.

அந்தப் பூட்டு ஒரு சாதாரணப் பூட்டல்ல. இங்கிலீஸ்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் வந்த பழைய பித்தளைப் பூட்டு. அதற்குச் சாவி வெட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது. இருந்த இரண்டு சாவியில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

வண்டி தானாகவே கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. வீட்டில் மனம் நொந்த பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கலீலுர் றஹ்மானும் தாய் வீட்டுக்குத்தான் போனார். அவர் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது ராத்தா சனூஸா இருக்கிறாள்.

முன்னறைக் கட்டிலில் சாரத்தோடு ஓர் இளந்தாரி போன் பார்த்துக்கொண்டு கிடந்தான். தலையைத் தூக்காமலே, "ஆரு?" என்றான்.

இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சனூஸாட தம்பி," என்று வந்தது.

"மாமி பின்னால," என்றான் சனூஸாவின் மருமகன்.

பின்வளவில் தகரம் போட்ட ஒரு சின்ன வீடு. அதன் வாசலில் சனூஸாவின் புருசன் றுவைஸ், கை இல்லாத பெனியனோடு, பால்மாத் தகரப் பேணிகளுக்குள் சீமெந்து ஊற்றிச் செய்த எடையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் தாடி கறுத்திருந்தது. அச்சொட்டாக அதே கறுப்பு. இரண்டு மச்சான்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களும் பக்கெட் டைதானா, மச்சான்?" என்றார் றுவைஸ் கடைசியில். "தண்ணி கூட விட்டுக் கரைங்க. இல்லாட்டிச் சொறியும்."

சனூஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கலீலுர் றஹ்மான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ராத்தா, என்ட ரூம் இப்ப ஆருக்கு?"

"உன்ட ரூமா?" சனூஸா சிரித்துவிட்டாள். "உனக்கு இஞ்ச ரூம் எங்க இருந்தது, தம்பி? இது எனக்கெண்டு கட்டின வீடுதானே. கலியாணம் முடிச்சுப் போகுமட்டும் உம்மா உன்னப் படுக்க விட்டவ."

அவள் நெஞ்சில் ஒரு கள்ளமும் இல்லை. தம்பிக்குப் பிடிக்குமென்று தேத்தண்ணிக்கு இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தாள். கலீலுர் றஹ்மானுக்கு அழுகை வந்தது. பிறந்தது ராத்தாவின் வீட்டில், வாழ்ந்தது ஸல்ஹாவின் வீட்டில், இனி இருக்கப்போவது ரிஸ்லாவின் வீட்டில். எல்லா வீட்டுக்கும் கூரை போட்டது அவர், அல்லது அவரைப்போல ஒருவர். டை கரைந்துவிடுமே என்ற பயத்தில்தான் கண்ணீரை அடக்கினார்.

அப்போது போன் அடித்தது. ரிஸ்லா.

"வாப்பா, சாவி எங்க?"

"என்ன மகள்?"

"அவங்க வந்திட்டாங்க, வாப்பா. கதவு பூட்டிக் கிடக்கு. உள்ளுக்கு என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க எண்டு மாமி கேக்கிறா. உம்மா சிரிச்சிட்டே இருக்கா. உம்மா அப்பிடிச் சிரிச்சா எனக்குப் பயம்." கொஞ்சம் நின்று, மெல்லச் சொன்னாள்: "இது குழம்பினா நான் என்ன செய்யிறது, வாப்பா?"

தேத்தண்ணி பாதியிலேயே நின்றது.

வருகிற வழியில், பாலத்தின் நடுவில், ஒரேயொரு தரம் வண்டியை நிறுத்தினார். சாவியைக் கையில் எடுத்தார். கீழே தண்ணீர் ஆழமாக, நல்ல வசதியாகத்தான் இருந்தது. எறிந்தால் என்ன நடக்கும்? கதவை உடைப்பார்கள். புதுப்பூட்டு வேண்டும் என்பார்கள். அதற்கும் அவர்தான் அலைய வேண்டும். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு அந்த வண்டியை அவர் ஓட்டிய ஓட்டத்தை இருபது வயதுக்காரன் பார்த்திருந்தால் ஒதுங்கி வழிவிட்டிருப்பான். மகளின் குரல் அவர் காதிலேயே நின்றது.

வீட்டுக்குள் நுழைந்தால், முன்னறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் சகோதரிகள் உள்ளே யன்னலை அளந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹோல் கதிரையில், கொடுத்த பலகாரத்தைத் தொடாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தா. கதவு நிலையைப் பிடித்தபடி மாமனார் ஹஸன் நின்றார். அவருடைய இடுப்புப் பட்டி அவிழ்ந்திருந்தது. கையில் ஒரு பித்தளைச் சாவி.

"சாவி ஒண்டுதான், அதையும் காணல்ல எண்டீங்க," என்றா மாப்பிள்ளையின் தாய் ஸல்ஹாவிடம். "பெரியவர் இடுப்பிலயிருந்து எடுத்துத் திறக்கிறார். பார்த்தா உள்ளுக்குக் கழட்டின கட்டில் கிடக்கு. இந்த வீட்டில எத நாங்க மெய்யெண்டு நம்புற? பிள்ளையக் குடுக்கிற இடத்தில எனக்கு இந்த ஒளிப்புமறைப்புச் சரிவராது."

ஸல்ஹா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து கலீலுர் றஹ்மானுக்கே பயம் வந்தது. ரிஸ்லா தூணோடு ஒட்டி நின்றாள், முகத்தில் இரத்தமில்லை.

அந்த நேரம் உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் கடைசிச் சகோதரி, யன்னலால் வெளியே பார்த்துவிட்டுக் கத்தினாள்: "உம்மா! சிவப்பு! ஸஜ்ஜாத் காக்கா கேட்ட மாதிரியே!"

எல்லாரும் கேற்றடியைப் பார்த்தார்கள். சிவப்பு மோட்டார் சைக்கிள் வெயிலில் தகதகவென்று நின்றது. கலியாணம் பேசின பெண் வீட்டு வாசலில் இளந்தாரி ஓட்டுகிற வண்டி ஒன்று நின்றால் அது யாருக்கென்று இந்த ஊரில் கேட்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் தாயுடைய முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"ஓ, இதுக்குத்தானா இவ்வளவு கள்ள வேலை?" என்றா. "எங்களுக்குத் தெரியாம கொண்டுவந்து நிப்பாட்டத்தானா அறையப் பூட்டி எங்கள மறிச்சு வச்சீங்க? நானும் என்னென்னவோ நினைச்சிட்டன்."

பலகாரத் தட்டில் ஒரு துண்டு குறைந்தது.

கலீலுர் றஹ்மான் வாசலில் நின்றார். கறுப்புத் தாடி, பச்சைச் சப்பாத்து, இழுத்துப் பிடித்த வயிறு. தான் வாங்கிய வண்டி என்று சொல்லலாம். அவருடைய கனவு என்று சொல்லலாம். வீடியோவையும் காட்டலாம். ரிஸ்லா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பாள்.

வயிற்றை விட்டார். அது தன் பாட்டில் வெளியே வந்து இருந்தது.

"ஓம்," என்றார். "மாப்பிள்ளைக்குத்தான். எப்பிடி ஓடுது எண்டு பார்க்க ஒரு ரவுண்ட் போனனான்."

வண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "மாமனார் எண்டா இப்பிடி இருக்கோணும்," என்று ஒரு குரல் கேட்டது. ரிஸ்லாவின் கண் கலங்கியது. அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வாப்பாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடித்து முடியுமட்டும் பக்கத்திலேயே நின்றாள்.

பின்னேரம் கட்டில் பின்வீட்டில், மாமனாருக்குப் பக்கத்து அறையில் பொருத்தியாகிவிட்டது. அலுமாரி வாசலால் போகாமல் கொஞ்ச நேரம் மறியல் செய்தது, பிறகு அதுவும் போய்விட்டது. கலீலுர் றஹ்மான் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். வேம்புக்குக் கீழே மாமனார் இருந்தார். பக்கத்தில் வள்ளம். வள்ளத்துக்குள் ஒரு கோழி. நிழல் ஒரு ஆளுக்குத்தான் காணும் என்பதால் இவர் கதிரை வெயிலில் விழுந்தது.

"அந்தச் சாவி உங்களிட்ட எப்பிடி, மாமா?"

"நீங்க மாப்பிள்ளையா வந்த அண்டைக்கு ஒண்ட உங்கட கையில தந்தன். மத்ததக் காணல்ல எண்டு சொன்னன்," என்றார் ஹஸன். "காணாமப் போகல்ல."

"இவ்வளவு காலமா இடுப்பிலயா வச்சிருந்தீங்க?"

"ஓம்."

"ஒருநாளும் திறந்து பார்க்கல்லயா?"

"என்னத்துக்கு? உள்ளுக்கு நீங்க படுத்திருப்பீங்க."

கலீலுர் றஹ்மான் வள்ளத்தைப் பார்த்தார். எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்! இனி அவருடைய தாடியையும் சப்பாத்தையும் ஸஜ்ஜாத் எங்கே போய்ச் சொல்லிச் சிரிப்பானோ. சொல்லட்டும். நன்றாகச் சொல்ல வேண்டும், அரைகுறையாகச் சொன்னால் அதுவும் அவமானம்.

"மாமா," என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

குசினி யன்னலில் ஸல்ஹாவின் தலை தெரிந்தது. "ரிஸ்லாட வாப்பா! எங்கட வாப்பாட சாவிய வாங்கிட்டன். உங்கட சாவியையும் கொண்டாங்க. ரெண்டையும் சேர்த்து மாப்பிள்ளைக்கு வைக்கோணும்!"

கலீலுர் றஹ்மானின் கை சட்டைப் பைக்குள் போனது. சாவி அங்கே, கனமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. மாமனாரைப் பார்த்தார். மாமனார் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணல்ல, ஸல்ஹா!" என்று கத்தினார். "பாலத்தில விழுந்திட்டு போல!"

ஹஸன் எழும்பினார். தன் கதிரையைக் கொஞ்சம் அங்கால தள்ளிப் போட்டு, மருமகனுக்கு நிழலில் இடம் விட்டார்.